சக்களத்திக்குத் தண்ணி

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டிலில் உட்காருங்கள். வண்டியைப் பிறகு பார்க்கலாம். அது எங்கேயும் ஓடிப்போகாது. ஓடுகிற வண்டியாக இருந்தால் உங்களை ஏன் கம்பத்திலிருந்து வரவழைக்கப் போகிறேன்?

தண்ணீர் குடியுங்கள். வீட்டுப் போர்த் தண்ணீர்தான். கொஞ்சம் உவர்க்கும். முதல் மடக்குக் கஷ்டமாக இருக்கும், அப்புறம் நாக்கு ஒன்றும் சொல்லாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி சூடாகிறது. புரோக்கர் உங்களிடம் என்ன சொன்னான்? சின்னச் சின்ன வேலை இருக்கிறது என்றானா? அவன் அப்படித்தான் சொல்வான். நான் மறைக்க மாட்டேன். ஸ்டார்ட் பண்ணி ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் சூடு காட்டுகிற முள் மேலே ஏறிவிடும். வாசலில் நின்றபடியே கொதிக்கும்.

விலை உங்கள் இஷ்டம். பேரம் பேச மாட்டேன். ஒரே ஒரு பேச்சுதான் என்னிடம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டிக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் வைக்க வேண்டும். விடிந்ததும் அதை எடுத்து ரேடியேட்டரில் ஊற்ற வேண்டும். இதற்கு ஒத்துக்கொண்டால் சாவியை எடுத்துக்கொண்டு போகலாம். உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தன், "என்னய்யா இது, வண்டியா பசுமாடா? புல்லும் போடணுமா?" என்று கேட்டான். இன்னொருத்தன் கேட்கக்கூட இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டான்.

நீங்களும் வேண்டாமென்றால் திங்கட்கிழமை இரும்புக் கடைக்காரன் வருவான். என் மகள் ஏற்பாடு. முத்துப்பேச்சி, திருப்பூரில் இருக்கிறாள். "அப்பா, அது வாசல்ல நிக்கிற வரைக்கும் நீங்க அதுகிட்டதான் உக்காந்திருப்பீங்க. உடைக்கக் குடுத்துட்டு எங்கூட வாங்க" என்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் தம்பி, கட்டரை வைத்து அறுத்து எடைக்குப் போட்டுவிட்டால், உள்ளே இருக்கிறவள் எங்கே போவாள்? அதுதான் என் கவலை. முழுசாக வைத்து ஓட்டுகிற ஒரு கையில் கொடுத்துவிட்டால் எனக்கு நிம்மதி.

உள்ளே யார் என்று பார்க்கிறீர்களா? என் வீட்டுக்காரிதான். குருவம்மா.

சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எல்லோரும் சிரித்தாயிற்று.

இந்த ஜீப்பு ஏலக்காய்த் தோட்டத்து முதலாளி ஒருவர் கழித்துவிட்டது. எனக்கு அப்போது இளவயசு. காலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறுவேன், பொழுது சாயும்போது இறக்கிக்கொண்டு வருவேன். அந்த மலைப்பாதை உங்களுக்குத் தெரியாததா? நான் பட்டறையில் வேலை பழகியவன் இல்லை. கழற்றிப் பார்ப்பேன், துணியை விரித்து ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைப்பேன், அதே வரிசையில் திருப்பி மாட்டுவேன். அப்படியே கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

வண்டி வாங்கிய புதிதில் ஒருநாள், நல்ல மழைக் காலம், இறக்கத்துக்கு முந்தின வளைவில் கொதித்து நின்றுவிட்டது. தண்ணீர் வற்றியதை நான் பார்க்கவில்லை. மூடுபனி. யானை நடமாட்டம் இருக்கிற இடம். ஆட்களையெல்லாம் வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் மட்டும் காவலிருந்தேன். மறுநாள் வெயில் ஏறித்தான் வீடு வந்தேன். குருவம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். முதல் நாள் சாயங்காலம் அவள் வந்து நின்ற அதே இடம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

"எங்க நின்னுச்சு?"

"வளைவுல."

"என்னத்துக்கு நின்னுச்சு?"

"தண்ணி வத்திப்போச்சு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"அப்ப இனி தண்ணி நான் ஊத்துறேன். நீங்க அந்த மூடியைத் தொட வேணாம்."

அன்றிலிருந்து அது அவள் வேலை. வாசல் தெளிப்பது, கோலம் போடுவது, வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது. நான் படுத்திருப்பேன். மூடி திருகுகிற சத்தம் கேட்கும், அப்புறம் களக் களக்கென்று தண்ணீர் இறங்குகிற சத்தம். அதுதான் எனக்கு விடியல். எழுந்து வந்து சாவியைப் போட்டால் வண்டி கிளம்பும். முள் ஒருநாளும் பாதியைத் தாண்டியதில்லை. மலையில் எல்லா ஜீப்பும் ஓடை ஓரத்தில் மூடியைத் திறந்துகொண்டு நிற்கும், நான் மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டு மேலே போவேன். "தவசி வண்டிக்குக் காய்ச்சலே வராதா?" என்று கேட்பார்கள். கைராசி அப்படி தம்பி. சில பேர் கைக்குச் சில வண்டி படியும்.

முத்துப்பேச்சி கல்யாணத்துக்கு முந்தின வருஷம் இந்த வாசலில் போர் போட்டேன். இரண்டு இடத்தில் ஏமாந்து, மூன்றாவது இடத்தில் தண்ணீர் வந்தது. யாருக்காகப் போட்டேன்? அவளுக்காகத்தான். அதுவரைக்கும் வாய்க்காலுக்குப் போய்க் குடம் தூக்கிக்கொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே, பருத்திக்காட்டைத் தாண்டிப் போக வேண்டும். இனிமேல் பைப்பைத் திருகினால் தண்ணீர். மோட்டாரைப் போட்டுக் காட்டினேன். பார்த்தாள், சிரித்தாள். மறுநாள் விடியலில் குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டாள்.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

துணி துவைக்க, பாத்திரம் கழுவ, குளிக்க எல்லாம் போர்த் தண்ணீர்தான். ஆனால் விடியலில் ஒரு குடம் வாய்க்காலிலிருந்து வர வேண்டும். வாய்க்கால் அடைக்கிற மாதங்களில் இன்னும் தூரம், ஆற்றுக்கே போவாள். மழை, பனி, உடம்பு சரியில்லை, எதுவும் கிடையாது.

"வாசல்ல தண்ணி கொட்டுது, நீ எதுக்குடி அங்க போற?" என்று கேட்டேன்.

"இந்தத் தண்ணி அதுக்கு ஆகாது."

"எதுக்கு ஆகாது?"

வாயால் சொல்ல மாட்டாள். முகவாயைத் தூக்கி வாசலைக் காட்டுவாள். கையில் மாவு இருக்கும், சாணி இருக்கும், ஏதாவது இருக்கும். முகவாய்தான் பேசும். வாசலில் அதோ, வண்டிக்கு மேலே கிளை பரப்பிக்கொண்டு நிற்கிறதே, முருங்கை. அது அவள் வைத்தது. அதற்கு உப்புத் தண்ணீர் ஆகாதாம்! முருங்கைக்கு எந்தத் தண்ணீர்தான் ஆகாது தம்பி? வெட்டி வேலியில் போட்டாலே துளிர்க்கிற மரம். அதற்கு வாய்க்கால் தண்ணீர் கேட்கிறதாம். நான் முட்டாள் இல்லை. அது சாக்கு என்று எனக்குத் தெரியும்.

சாக்கு எதற்கென்றால், வாய்க்கால் கரையில் அவள் தம்பி வீடு. காசிமாயன். எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் பேசிய பேச்சு அப்படி. என் பேரப்பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் என்று முத்துப்பேச்சிக்குத் துணிமணி, தட்டு, பழம் எல்லாம் கொண்டுவந்தான், குறை சொல்ல மாட்டேன். பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். எல்லோரும் என் வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். இவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான்: "மச்சானுக்கு என்ன குறை? ரெண்டு பொண்டாட்டிக்காரரு. எங்கக்கா விடியக் கருக்கல்ல எந்திரிச்சு சக்களத்திக்குத் தண்ணி சுமக்குறா. சொன்னாலும் கேக்க மாட்டேங்குறா."

பந்தியே சிரித்தது. குருவம்மா சாம்பார் வாளியோடு நின்றாள். அவளும் சிரித்தாள்.

நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். நான் மலை ஏறி இறங்குகிறவன். மலைக்கு மேலே ஒருத்தி, மலைக்குக் கீழே ஒருத்தி என்று டிரைவர்களைப் பற்றிப் பேச்சு உண்டு. என்னைப் பற்றி ஒருத்தன் சொல்ல முடியாது. நான் அப்படி வாழ்ந்தவன் இல்லை. ஊர் முன்னால், சபையில், சக்களத்தி என்கிறான். எந்தச் சக்களத்தி? எவளைக் கண்டான்? அன்றைக்கு விட்டதுதான் அவன் வீட்டு வாசல்.

"அவன் வேடிக்கைக்குச் சொன்னான், நீங்க வேற ஒண்ணு நினைச்சுக்கிட்டீங்க" என்றாள் இவள்.

"வேடிக்கைக்கா? யாருடி அந்தச் சக்களத்தி?"

அதற்கும் அதே முகவாய்தான். வாசலைக் காட்டினாள். வாசலில் என்ன இருக்கிறது? வெளியே போய்ப் பேசிக்கொள் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். போய்விட்டேன்.

உன் தம்பி வீட்டுக்குப் போகாதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். போகவில்லை என்றாள். ஆனால் குடம் போய்க்கொண்டிருந்தது. குடம் போனால் அவன் வீட்டைத் தாண்டாமல் எப்படிப் போகும்?

அந்தக் குடத்தோடுதான் போனாள். போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி. விடியலில் எனக்கு முழிப்பு வந்தது. மூடி திருகுகிற சத்தம் இன்னும் கேட்கவில்லையே என்று படுத்திருந்தேன். வெளிச்சம் வந்துவிட்டது. அப்புறம் வாசலில் ஆள் அரவம். காசிமாயன் அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவன் பெண்டாட்டி பின்னால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். பருத்திக்காட்டு வரப்பில் உட்கார்ந்த மாதிரியே இருந்தாளாம். நெஞ்சுவலியாக இருக்கும் என்றார்கள். குடத்தைப் பக்கத்தில் சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள். தளும்பத் தளும்ப நிறைகுடம்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு காசிமாயனைக் கேட்டேன். "தெனமும் உங்க வீட்டுக்குத்தான வந்தா?" அவன் என்னைப் பார்த்தான். "எங்க வீட்டுப் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டா மச்சான். நீங்க சொன்னதுக்காக. குடத்தை ரொப்புவா, போவா. நாங்கதான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருப்போம்." பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இல்லையென்றால் எதற்குப் போகிறாள்? சொல்லுங்கள்.

அவன் பெண்டாட்டி அந்தக் குடத்தை வண்டிப் பக்கத்தில் வைத்திருந்தாள். நிறைகுடம். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம். இந்த ஒரு குடத்துக்காகத்தானே. தூக்கினேன், முருங்கையின் அடிமூட்டில் கவிழ்த்தேன். குடி, நீ கேட்ட தண்ணிதானே, குடி என்றேன். மரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

குடத்தைக் கழுவவில்லை. கொண்டுபோய் அடுப்படிப் பரணில் கவிழ்த்து வைத்தேன். அதற்கப்புறம் தொடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். இனி தண்ணீர் ஊற்றுவது என் வேலைதானே? பைப்பைத் திருகி வாளியில் பிடித்து ஊற்றினேன். கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் முள் பாதியைத் தொட்டது. தொட்டு நின்றது. தை பிறந்தபோது பாதியைத் தாண்டிவிட்டது. மாசியில் மலையேற்றத்தில் கொதித்து நின்றேன். ஓடை ஓரத்தில் மூடியைத் திறந்துகொண்டு நான். மற்ற வண்டிக்காரன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறான்கள்.

ஓட்டத்தை நிறுத்திவிட்டு வாசலில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் மூடி. மூடியில் உள்ள ரப்பர் செத்துப் போனால் உள்ளே அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். புது மூடி போட்டேன். சூடானது. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், தொய்வு இருந்தது. இறுக்கினேன். சூடானது. கீழ் ஹோஸ் உள்பக்கம் உறிஞ்சிக்கொண்டு ஒட்டிக்கொள்கிறதோ என்று அதையும் மாற்றினேன். சூடானது.

சரி, தெர்மோஸ்டாட். அதுதானே தண்ணீரை உள்ளே விடலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுகிற கதவு. கழற்றி எடுத்து, குருவம்மாவின் பருப்புச் சட்டியில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு உள்ளே போட்டேன். நல்லதாக இருந்தால் கொதியில் வாய் திறக்கும். திறந்தது. எடுத்து ஆறவிட்டேன், மூடிக்கொண்டது. அதில் குற்றமில்லை. சட்டிதான் பாழ். அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. அவள் இருந்தபோது பளபளவென்று இருந்த சட்டி. ஆண்பிள்ளை கழுவினால் அப்படித்தான்.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். சூடானது. வாட்டர் பம்பு மாற்றினேன். சூடானது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டர் வாயில் குமிழி வரும், ஆயில் பால் மாதிரி ஆகும். மூடியைத் திறந்துவைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். குமிழி இல்லை. ஆயில் கறுப்பாகவே இருந்தது. இருந்தாலும் ஹெட்டைக் கழற்றினேன். லேத்தில் கொடுத்து அதன் முகத்தைச் சமமாகச் சீவி, புது கேஸ்கெட் போட்டு மாட்டினேன். என் கையால் மாட்டினேன்.

சூடானது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். கொதித்து நிற்கும்போது முதலில் மூடிக்கு அடியில் ஒரு முனகல். அப்புறம் நீளமாக ஒரு மூச்சு. ஸ்ஸ்ஸ் என்று. அது ஆவியின் சத்தம்தான், எனக்குத் தெரியாதா? எத்தனை வண்டி கேட்டிருக்கிறேன். ஆனால் இது வேறு. வாய்க்காலிலிருந்து வந்து, வாசலில் குடத்தை இறக்கும்போது அவள் விடுகிற மூச்சு. அதே நீளம். கடைசியில் ஒரு சின்னத் தடங்கல் உண்டு அதில், அதுவும் அப்படியே.

அதற்கப்புறம் விடியலிலும் கேட்க ஆரம்பித்தது. மூடி திருகுகிற சத்தம். களக் களக். வெளியே வந்து பார்த்தால் யாரும் இல்லை. பானெட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பு. ஒரு ஆள் இவ்வளவு நேரம் சாய்ந்திருந்து எழுந்த மாதிரி. பக்கத்து வீட்டுப் பூனை அங்கேதான் படுக்கிறது என்றார்கள். இருக்கலாம். பூனைக்கு மூடியைத் திருகத் தெரியுமா?

கடைசியாக அபுதாகிரைக் கூப்பிட்டேன். உத்தமபாளையத்தில் மெக்கானிக். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை மாதிரி, என்னை மாமா என்பான். வந்தான். நான் செய்ததையெல்லாம் சொன்னேன். தலையைச் சொறிந்தான். "எல்லாத்தையும் கழட்டியிருக்கீங்க மாமா, இந்த ரேடியேட்டரை மட்டும் ஏன் விட்டீங்க?" என்றான். அது அவள் தொட்ட இடம், எனக்குக் கழற்ற மனசு வரவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? அவன் கழற்றினான். மேல் தொட்டியைப் பிரித்தான். கம்பியை உள்ளே விட்டுக் குத்தினான். கொட்டியது தம்பி. வெள்ளை வெள்ளையாக, பொருக்குப் பொருக்காக. உள்ளங்கை நிறைய அள்ளிக் காட்டினான்.

"உப்பு மாமா. எல்லாம் உப்பு. பாதிக் குழாய் அடைச்சுப்போச்சு, தண்ணி எங்க போகும்?"

"உப்பு எப்படிடா வந்துச்சு?"

"என்னைக் கேட்டா? உங்க வீட்டம்மா இருந்த வரைக்கும் இப்படி வந்துச்சா?"

அந்தக் கேள்விதான் தம்பி. அவன் ஏதோ மெக்கானிக் வேலையாகக் கேட்டான். நாக்கில் தொட்டுப் பார்த்தேன். கரித்தது. அழுத பிள்ளையின் கன்னம் காய்ந்தால் என்ன மிஞ்சும்? வெள்ளையாகக் கோடு விழும். அதுதானே இது? அவள் அழுகிறாள். உள்ளே உட்கார்ந்து அழுகிறாள். அபுதாகிர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், தண்ணி, போர் என்று. எனக்குக் காதில் ஏறவில்லை. அவன் சுத்தம் பண்ணி மாட்டினான். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. மறுபடியும் முள் ஏற ஆரம்பித்தது. அழுகையைக் கம்பி விட்டுக் குத்தினால் நிற்குமா?

குறி சொல்கிற கோடாங்கியிடம் போனேன். நான் அதெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் போனேன். உடுக்கையை அடித்துக்கொண்டே கேட்டார்.

"வீட்டுல பொம்பளத் துணை போயிருச்சா?"

"போயிருச்சு சாமி."

"போகும்போது கையில என்ன இருந்துச்சு?"

"குடம்."

"வெறுங்குடமா, நெறகுடமா?"

"நெறகுடம்."

"அந்தத் தண்ணி எங்க?"

"முருங்கைக்கு ஊத்திட்டேன்."

உடுக்கை நின்றது. "கொண்டாந்த தண்ணி சேர வேண்டிய எடத்துல சேரலை. அதான் வாசல்ல நிக்கிறா. தாகமா நிக்கிறா. தண்ணி வையி."

எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் என்றால் தண்ணீர்தானே.

அன்றிலிருந்து வைக்கிறேன். பைப்பைத் திருகி, சொம்பைக் கழுவி, நிறையப் பிடித்து வண்டி முன்னால் வைப்பேன். காலையில் பார்த்தால் நீர்மட்டம் இறங்கியிருக்கும். இறங்கிய இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். வாய் வைத்த தடம். மிச்சத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவேன். அவள் குடித்த மிச்சம். ஒருநாள் தவறியதில்லை. ஆனாலும் சூடு கூடிக்கொண்டுதான் போகிறது. இன்னும் தாகம் அடங்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

வாருங்கள், இப்போது காட்டுகிறேன். இதுதான் சொம்பு. எடுத்துப் பாருங்கள், தாராளமாக. ஏன் நகத்தால் சுரண்டுகிறீர்கள்? ஆமாம், அதுதான் வளையம். ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை, பார்த்தீர்களா?

ஸ்டார்ட் பண்ணுகிறேன். கேளுங்கள், இன்ஜின் சத்தத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பொறுங்கள். முள்ளைப் பாருங்கள். ஏறுகிறதா? ஏறும். பாதி. பாதியைத் தாண்டிவிட்டது. அதோ, முனகுகிறாள். அணைத்துவிடுகிறேன். இப்போது பேசாதீர்கள். கேட்கிறதா? அந்த மூச்சு. கடைசியில் ஒரு தடங்கல்.

என்ன தம்பி? குடிக்கக் கொடுத்த தண்ணீரா? ஆமாம், அந்தத் தண்ணீர்தான். அதே போர். வேறென்ன தண்ணீர் இருக்கிறது இங்கே? அவள் இருந்தபோதும் இதுதான். அவள் என்ன ஊற்றினாள் என்றா? இதைத்தான் ஊற்றியிருப்பாள். நான் எழுந்து பார்த்ததில்லை. படுத்துக்கொண்டு கேட்டதுதான். வாய்க்கால் தண்ணீரா? அது ஒரு குடம்தான் வரும், அது முருங்கைக்கு என்று சொன்னேனே. அது வேறு கணக்கு.

ஆகாது என்றால்? எதற்கு ஆகாது? நீங்களும் அவளை மாதிரியே சொல்கிறீர்களே. எதற்கு ஆகாது, வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ஏன் முகவாயைத் தூக்குகிறீர்கள்?

முருங்கையைத்தானே காட்டுகிறீர்கள் தம்பி? அதோ அந்த முருங்கையைத்தானே?

சொல்லாதீர்கள். வேண்டாம். கொஞ்சம் இருங்கள், நான் உள்ளே போய்விட்டு வருகிறேன்.

இதோ. இதுதான் அந்தக் குடம். பரணில் கவிழ்த்தது கவிழ்த்தபடியே இருந்தது. வெளிச்சத்துக்கு வாருங்கள், எனக்குக் கண் அவ்வளவு தெளிவில்லை. உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சொரசொரப்பு இருக்கிறதா? வெள்ளை இருக்கிறதா? இந்த வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் இருக்கிறது. சட்டியில், சொம்பில், அடுப்படித் தவலையில். இதில் இல்லை. ஒரு பொட்டு இல்லை. கழுத்துக்கிட்டப் பாருங்கள், இந்த நசுங்கல். இது ரேடியேட்டர் வாயில் இடித்து இடித்து வந்தது. பொருத்திப் பாருங்கள், அதே அகலம்.

பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். சக்களத்தி யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சாம்பார் வாளியோடு அவளும் சிரித்தாள்.

நீங்கள் உட்காருங்கள். முன்பணம் எதுவும் எடுக்க வேண்டாம். திங்கட்கிழமை இரும்புக் கடைக்காரனை வர வேண்டாம் என்று முத்துப்பேச்சியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு குடம் கொண்டுவந்துவிடுகிறேன், அப்புறம் மற்றதைப் பேசலாம். வழி தெரியும், ஊருக்கு வெளியே பருத்திக்காடு. அதற்கு மேல் எந்தப் படித்துறையில் இறங்குவாள் என்று தெரியாது. காசிமாயன் வீட்டில்தான் கேட்க வேண்டும். அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வேண்டாம், நீங்கள் தூக்க வேண்டாம். குடத்தை இப்படிக் கொடுங்கள். இதை இடுப்பில் எப்படி வைப்பார்கள் தம்பி? இப்படியா? நிறைகுடமாக இருந்தால் நடக்கும்போது சிந்தாதா? அவள் சிந்தியதே இல்லை.